ஆறு பேருக்கு ஒரு வண்டி

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டியது. மின்வாரிய லைன் புகார் மூன்று. இரண்டு ஃபியூஸ், ஒன்று மரக்கிளை. லீவு நாள் என்று மரத்துக்கு யார் சொல்வது.

மதியம் குவைத்திலிருந்து தம்பி சரவணன் போன். அவன் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு மாதம். கட்டுமாவடியில் மாமியார் தனி ஆளாக அவரைப் பார்ப்பாரா, இவன் பிள்ளைகளைப் பார்ப்பாரா. "அண்ணே, பவித்ராவையும் கவினையும் ஒன்கிட்ட விட்டுர்றேண்ணே. நான் வேற யாருகிட்டப் போயி கேக்குறது" என்றான். குரல் சரியில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

கலாவைக் கேட்கவில்லையே என்று போனை வைத்த பிறகுதான் உறைத்தது. திரும்பினால் அடுப்படி வாசலில் நிற்கிறாள். "என்னைய என்ன கேக்குறது? ராணி போன அன்னைக்கே எனக்குத் தெரியும், அதுக நம்மகிட்டதான் வரும்னு." ராணி, தம்பி மனைவி. தை மாதம் மஞ்சள் காமாலையில் போனாள். முப்பத்துநாலு வயது.

இனி வீட்டில் ஆறு பேர். நான், கலா, எங்கள் ஹரிணி (10), தருண் (7). அங்கிருந்து பவித்ரா (12), கவின் (5). காரை மாற்ற வேண்டும்.

மே 7, புதன்

கட்டுமாவடி போய்ப் பிள்ளைகளை அழைத்து வந்தாயிற்று. சாமான்: பள்ளிக்கூடப் பை இரண்டு, துணி அடைத்த அரிசிச் சாக்கு ஒன்று, கவினின் மூன்று சக்கர சைக்கிள், ஒரு கூடைக் கருவாடு. சைக்கிள் டிக்கியில் ஏறவில்லை. "அடுத்த தடவ எடுத்துக்கலாம்டா" என்று பவித்ராதான் அவனைச் சமாதானம் செய்தாள்.

ஹரிணியும் தருணும் வருவேன் என்று அடம் பிடித்து வந்ததால் திரும்பும்போது பின் சீட்டில் நான்கு பிள்ளைகள். பவித்ரா கவினை மடியில் வைத்துக்கொண்டாள். அறந்தாங்கி வந்ததும், என்கிட்ட குடு என்று கலா கேட்டாள். தரவில்லை. புதுகையில் டீ குடிக்க நிறுத்தியபோதும் இறக்கவில்லை, தூங்குகிறான் என்றாள். இலுப்பூரில் வீடு வந்து இறங்கும்போது கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல பெரியப்பா. காலு மரத்துப் போச்சு. சரியாயிரும்."

உள்ளே வரும் முன் கலாவிடம் கேட்டாள்: "பெரியம்மா, எங்க செருப்ப எங்கிட்டு விடணும்?" கலா அவற்றை வாங்கி எங்கள் செருப்புகளுக்கு நடுவில் வைத்தாள். பிறகு அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மே 10, சனி

வெயில் 40க்கு மேல். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் சூடு.

வண்டி விசாரணை. பெயர் எல்லாம் எழுதவில்லை, எழுதினால் குழப்பம்.

அ - ஐந்து சீட். உயரம் நல்லது, நம் ஊர் மண்ரோட்டில் அடி இடிக்காது. டிக்கி பெரிது. எனக்குப் பிடித்தது.
ஆ - ஏழு சீட். கடைசி வரிசை மடக்குகிற மாதிரி. விரித்தால் டிக்கியில் ஒரு தேங்காய் மூட்டைக்குக்கூட இடமில்லை.
இ - ஆறு சீட். நடுவில் இரண்டு தனித்தனி நாற்காலி, பின்னால் இரண்டு. நீளம் ஜாஸ்தி, நம் சந்தில் திருப்ப வேண்டுமே.

விலை விசயம் பேங்கோடு போகட்டும், இங்கே எழுதப் போவதில்லை.

ஆபீஸில் ஆளாளுக்கு யோசனை. ராஜேந்திரன் சார் சொன்னது: "ஒங்க தம்பி ரெண்டு வருசத்துல வந்து கூட்டிட்டுப் போயிருவாரு. அதுக்காகப் பெரிய வண்டி எடுத்துட்டு அப்புறம் காலியா ஓட்டுவீங்களா? சின்னப் பிள்ளைங்கதான, நெருக்கி ஒக்காந்துக்கும்."

அப்போது நியாயமாகத்தான் பட்டது. அதை மறைத்து என்ன பயன். வீட்டுக்கு வந்து அ-வுக்கு ஒரு டிக் போட்டேன்.

சாப்பிடும்போது கலாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மோர் ஊற்ற வந்த பவித்ரா கேட்டுவிட்டாள் போல. "அஞ்சு சீட்டே போதும் பெரியப்பா. நான் கவின மடியிலயே வச்சுக்குவேன். அவன் ஒண்ணும் சீக்கிரம் வளர மாட்டான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எழுந்து போய் அ-வுக்குப் போட்டிருந்த டிக்கை அடித்துவிட்டேன்.

மே 14, புதன்

பாதி நாள் லீவு. ஆறு பேரும் புதுகை ஷோரூம். ஏசியில் தருணுக்கும் கவினுக்கும் கொண்டாட்டம், ஓட்டப் பந்தயம். விற்பனைப் பையன் (பையன் என்ன, கல்யாணம் ஆனவன்) நல்ல மாதிரி. எல்லோருக்கும் ஜூஸ்.

முதலில் ஏழு சீட். கதவைத் திறந்தவுடன் யாரும் சொல்லாமலே பவித்ரா கவினைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். அந்தப் பையன் பெருமையாக, "இந்த லாஸ்ட் ரோ வேணும்கிறப்ப விரிச்சுக்கலாம் சார். வேணாம்னா மடக்கிப் போட்டுட்டா சாமான் வச்சுக்கலாம்" என்றான். அவன் தொழில், சொல்கிறான். பவித்ரா கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டிப் பார்க்கலாம் என்றார்கள். நீங்களே ஓட்டுங்க, நான் பின்னால் உட்காருகிறேன் என்றேன். கடைசி வரிசையில். பையனுக்குப் புரியவில்லை. முழங்கால் நெஞ்சுக்கு வருகிறது. ஏசி வரவில்லை. வேகத்தடையில் தலை கூரையில் இடித்தது. முன்னால் பேசுவது எதுவும் சரியாகக் காதில் விழவில்லை, சிரிப்பது மட்டும் கேட்டது. என்ன சிரிப்பு என்று கேட்க வாய் வரவில்லை. பத்து நிமிடத்துக்கே எனக்கு இப்படி.

பிறகு ஆறு சீட். அதிலும் கடைசியில்தான் உட்கார்ந்து போனேன். கொஞ்சம் மேல். தலைக்கு மேல் தனியாகக் காற்று வருகிறது. நடுவில் வழி இருப்பதால் முன்னால் இருப்பவர்கள் திரும்பினால் முகம் தெரிகிறது.

மே 18, ஞாயிறு

கறி எடுக்கப் போய்ச் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டேன். மூளை ஓரிடத்தில் இல்லை.

கலாவோடு பேச்சு. சண்டை இல்லை, ஆனால் சத்தம். சந்தில் திருப்புவது கஷ்டம் என்றேன். டீசல் குடிக்கும் என்றேன். ரெண்டு வருசம் கழித்து என்ற பேச்சையும் எடுத்தேன், எடுத்திருக்கக் கூடாது.

"ஆறு பேரு இருக்கோம். ஆறு பேரு ஒக்கார மாதிரி எடுங்க. இதுல என்னங்க இவ்வளவு யோசன?"

அவளுக்கு எல்லாமே இப்படித்தான், நேராக. எனக்குத்தான் பத்து சுற்று. ஆறு சீட் என்று முடிவு. வெள்ளை நிறம். எனக்கு நீலம் ஆசை, நால்வரும் வெள்ளை என்றார்கள். கவின் மட்டும் முதலில் மஞ்சள் என்று சொல்லிப் பார்த்தான்.

யார் எங்கே உட்காருவது என்று இப்போதே சண்டை. கலா சட்டம் போட்டாள்: கடைசி வரிசை வாரம் ஒரு ஜோடி. ஹரிணி - பவித்ரா ஒரு வாரம், தருண் - கவின் ஒரு வாரம். ஃபிரிட்ஜில் ஒட்டியாயிற்று. ஹரிணி அழுதாள். "நான் இந்த வீட்டுல மூத்தவ, நான் ஏன் பின்னாடி?" என்றாள். "இப்ப மூத்தவ பவித்ரா" என்றாள் கலா. ஹரிணி சாப்பிடவில்லை. அவளையும் என்ன சொல்ல, பத்து வயது.

சாயங்காலம் பார்க்கிறேன், பவித்ரா ஹரிணிக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறாள்.

மே 20, செவ்வாய்

புக் பண்ணியாயிற்று. அக்னி கழியாமல் வண்டி வீட்டுக்கு வரக் கூடாது என்று கலா. ஜூன் முதல் வாரம், வளர்பிறை. பழைய காரை எக்ஸ்சேஞ்சுக்கு விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் நாள். பவித்ரா ஏழாம் வகுப்பு, கவின் யுகேஜி. கவினுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிற பைத்தியம் பிடித்திருக்கிறது. கடைப் பலகை, பால் கவர், என் ஆபீஸ் நோட்டீஸ், எதையும் விடுவதில்லை.

நேற்றைய காற்றில் கம்பம் இரண்டு சாய்ந்து காலையிலிருந்து வயலுக்குள். ஷோரூமிலிருந்து இரண்டு போன், இன்சூரன்ஸ் தாள் பற்றி. ஸ்டிக்கர்காரர் ஒரு போன், பின் கண்ணாடியில் பிள்ளைங்க பேரு என்ன சார் என்று. ஒரு கையில் லைன் ஆட்களுக்குச் சைகை காட்டிக்கொண்டே, பழைய வண்டி அங்கேதான் நிற்கிறது, அதில் இருக்கிற மாதிரியே போட்டுவிடுங்கள் என்றேன். வேலை முடிந்தது.

வாங்க வேண்டியது: எலுமிச்சை 4, தேங்காய், சூடம், கதம்பம் இரண்டு முழம், ஸ்வீட் ஒரு கிலோ.

ஜூன் 5, வியாழன்

வண்டி வந்தது.

இதை எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஷோரூமில் மேலே சிவப்புத் துணி, ரிப்பன், அட்டையில் செய்த பெரிய சாவி. நான்கு பிள்ளைகளும் சேர்ந்து துணியை இழுத்தார்கள். போட்டோ. எலுமிச்சை நான்கும் நசுங்கின. எல்லாம் நன்றாகத்தான் போனது. கவின் மட்டும் பின்பக்கம் போய்விட்டான். அவன் குரல் கேட்டது.

"ஹ... ரி... ணி. ஹரிணி. த... ரு... ண். தருண்."

கைதட்டினேன். நான்தான் முதலில் கைதட்டினேன். பிறகு அவன் கண்ணாடியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தான். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தும் பார்த்தான்.

"அக்கா, எம் பேரு எங்கிட்டு இருக்கு?"

பவித்ரா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். "இது பெரியப்பா வண்டிடா. நம்ம பேரு அப்பா வண்டி வாங்குவாருல்ல, அதுல போடுவாரு." மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்டுவிட்டது. கலாவுக்கும்.

அடுத்து ஏறும்போது இந்த வாரம் தருணும் கவினும்தான் பின்னால். "தருண், நீ முன்னாடி ஒக்காருடா" என்று பவித்ராவே தம்பியோடு கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். ஓட்டும்போது கண்ணாடியில் பார்த்தால் அவர்கள் இரண்டு தலை, அதற்கு மேல் அந்த எழுத்து. திருவப்பூர் கோயிலில் சூடம் காட்டி, திருநீறு வைத்து, வீடு வந்து சேர்ந்தோம். கலா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறதி என்று சொல்லலாம். வேலை அவசரம் என்று சொல்லலாம். பிள்ளைங்க பேரு என்று கேட்டதும் எனக்கு இரண்டுதான் வந்தது. அதுதான் உண்மை. ஒரு மாதமாகச் சீட்டை எண்ணினேன், பிள்ளைகளை எண்ணவில்லை.

ஜூன் 6, வெள்ளி

மேகமூட்டம், மழை இல்லை. வண்டியை எடுக்கவில்லை. ஆபீசுக்கு ஸ்கூட்டர்.

சாயங்காலம் தம்பி வீடியோ கால். வண்டியைக் காட்டு என்றான். காட்டினேன். முன்பக்கம், உள்பக்கம், ஸ்டீயரிங், சீட். வெள்ளை வண்டி அம்சமா இருக்குண்ணே என்றான். போனை வைக்கப் போகும் நேரத்தில்:

"பின்னாடி காட்டுண்ணே. பிள்ளைக பேரு போட்டிருப்பியே, நாலையும் பாக்கணும்."

போனைப் பின்பக்கம் கொண்டுபோகாமல் நின்றேன். எத்தனை நம்பிக்கை இருந்தால் இப்படிக் கேட்பான். போட்டிருக்கிறாயா என்றுகூட அவன் கேட்கவில்லை.

பக்கத்தில் நின்ற பவித்ரா போனை என் கையிலிருந்து வாங்கினாள். "இன்னும் போடலப்பா. ஸ்டிக்கர் கடைக்காரரு ஊருக்குப் போயிருக்காராம். நாளைக்குத்தான் போடுவாங்க. நீங்க சாப்பிட்டீங்களா?" பேச்சை அப்படியே திருப்பிக் கொண்டுபோனாள். முகத்தில் ஒரு மாற்றம் இல்லை.

அவள் யாரைக் காப்பாற்றினாள் என்று யோசித்துப் பார்த்தேன். அவனையா, என்னையா. பன்னிரண்டு வயதில் இந்தப் பொய் தெரிந்திருக்கக் கூடாது. நான்தான் அவளைச் சொல்ல வைத்தேன்.

ஜூன் 7, சனி

பள்ளி லீவு. காலை ஆறரைக்கே வெந்நீர், பழைய துணி, பிளேடு. பின் கண்ணாடியைச் சுரண்ட ஆரம்பித்தேன். பசை லேசில் விடவில்லை. ஹரிணி வந்து பார்த்தாள். தன் பெயர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். "அப்பா, இப்ப நாலு பேரும் வருமா?" என்றாள். ஆமாம் என்றேன். உள்ளே போய் இன்னொரு துணி எடுத்து வந்தாள்.

பவித்ரா சுடுதண்ணி மாற்றிக் கொண்டுவந்தாள். "எதுக்கு பெரியப்பா, கண்ணாடியில கோடு விழுந்துரும்."

விழட்டும் என்றேன். பிறகு சொல்லிவிட்டேன், தரையைப் பார்த்துக்கொண்டுதான்: "பெரியப்பா தப்புப் பண்ணிட்டேம்மா."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அதுவும் நல்லதுதான்.

பத்து மணிக்கு ஸ்டிக்கர் கடைக்குக் கிளம்ப வேண்டும். எழுதிக் கொண்டுபோனால் இந்தத் தடவை தப்பு வராது. பவித்ரா கையெழுத்துதான் வீட்டில் நன்றாக இருக்கும் என்று நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். நாலு பேரையும் எழுதச் சொன்னேன். ஹரிணி. தருண். கவின். அதோடு பேனாவை மூடி என்னிடம் நீட்டினாள்.

"ஓம் பேரு?"

"நீங்க எழுதுங்க பெரியப்பா."

தாளை வாங்கிப் பார்த்தேன். வயது வரிசையில் அவள்தான் முதல். ஹரிணிக்கு மேலே ஒரு பெயர் எழுத இடமில்லை. வேறு தாள் கிழித்தேன்.