சலாம் பைத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்

என் பிரியமுள்ள அத்தா, அஸ்ஸலாமு அலைக்கும்.

அடக்கமாகி கபரில் இருப்பவர்களுக்கு சலாம் சொல்லலாம் என்பதில் நபி புகழ் பாடும் மவ்லிது ஓதலாம், கூடாது என்று பிரிந்த ஆரணியின் இரண்டு கட்சிக்கும் தகராறு இல்லை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார்கள். போன வாரம் என் கையைப் பிடித்து, "உங்கத்தா மவ்லிதுல நின்னுகினு பாடுவாரே, அந்த சலாம் பைத்து. ஒருதரம் பாடுடா, கேட்டுட்டுப் போறேன்" என்றார்கள்.

நபிக்கு சலாம் சொல்லும் அந்த அரபுப் பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்குப் பொருள் தெரியும். அது கூடாது என்று வாதாட ஒரு காலத்தில் ஆதாரமும் தெரிந்திருந்தது. ராகம் தெரியாது.

அந்த வருடம் நினைவிருக்கிறதா? நான் எம்.ஏ. முடித்துவிட்டு ஊர் திரும்பிய தொண்ணூறுகளின் தொடக்கம். நபி பிறந்த மாதம், பன்னிரண்டாம் மாலை, நம் வீட்டுக் கூடத்தில் மவ்லிது. சலாம் பைத்து வந்ததும் வழக்கம்போல எல்லோரும் எழுந்தார்கள். பக்கத்து வீட்டுத் தறிகூட நின்றது. நான் மட்டும் எழவில்லை. அந்தப் பாட்டுக்கு எழுந்து நிற்பது கூடாது என்பது கல்லூரி நண்பர்கள் சொல்லிக் கொடுத்த மார்க்கம். உங்களோடு சேர்ந்து பாடும் காசிம் மாமு குனிந்து, "ஏன்டா, காலேஜ்ல உக்காரத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார். சிலர் சிரித்தார்கள். நீங்கள் பாடிக்கொண்டே இருந்தீர்கள். முடிந்ததும், "சோறு ஆறுது, சாப்பிடு" என்றீர்கள்.

அடுத்த வருடம் அம்மா மவ்லிதுக்கு விரிக்கும் வெள்ளை விரிப்பை எடுத்தபோது, "வேணாம், புள்ள சங்கடப்படுவான்" என்று சொல்லிவிட்டீர்கள். அதன்பின் சாகும்வரை பாடவே இல்லை.

ஒரு அறை அறைந்திருக்கக் கூடாதா? என்னை உட்காரச் சொன்னவர்களை நான் மன்னிக்கவில்லை. வருடா வருடம் நெய்ச்சோறு தின்றுவிட்டு, அது நின்றதும் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்ட உங்கள் கூட்டத்தையும் மன்னிக்கவில்லை. உங்களையும்தான், அத்தா.

காசிம் மாமுவிடம் போனேன். அந்த ராகம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் மிச்சம்.

"அன்னிக்கு உக்காந்துகினு இருந்தவனுக்கு இன்னிக்கு ராகம் கேக்குதா?" என்றார். பிறகு மனமிரங்கி முயன்று பார்த்தார். இருமல்தான் வந்தது. "தொண்டை போச்சுப்பா. உங்கத்தா இழுத்தா நாங்க பின்னாடியே போவோம். தனியா வராது."

நாளை மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு அந்த விரிப்பை அம்மாவின் கட்டிலருகே விரிக்கப்போகிறேன். ராகமில்லாமல் வெறுமனே படிப்பேன். பக்கத்து வீட்டில் இப்போது பவர்லூம். அது நிற்காது, குரலை உயர்த்தித்தான் படிக்க வேண்டும். அம்மாவின் காதில் என்ன விழுமோ தெரியாது. கடைசி வரி முடியும்வரை நான் நிற்பேன், அத்தா. இது உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் பாட்டை நிறுத்திய மகன்,
சலீம்