திடுக்கிடாத பிள்ளை

என் தங்கச்சிக்கு,

போனில் பேசினால் உன் மாமியாரும் ஸ்பீக்கரில் கேட்பார்கள். அதனால்தான் எழுதி, அம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நேற்று நான் பிள்ளை பார்க்க வந்தபோது, வீட்டுக்குப் பின்பக்கக் காட்டில் உங்கள் கம்பெனியின் புது வெடியைச் சோதித்தார்கள். ஜன்னல் அதிர்ந்தது. தொட்டிலில் விழித்துக் கிடந்த பிள்ளை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "வெடிக்காரன் வீட்டு வாரிசுல்லா! எம்புட்டுச் சத்தம் போட்டாலும் அசைய மாட்டான்" என்று உன் மாமியார் பூரித்தார்கள். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஐந்தாம் மாதம் உனக்கு லேசாகக் காய்ச்சல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அது உன் தப்பில்லை. லேபில் பச்சைப் பிள்ளைகளின் எச்சிலில் வைரஸைத் தேடியே என் தலை நரைத்துவிட்டது; அதனால் எல்லாப் பிள்ளைகளையும் சந்தேகமாகப் பார்க்கிறேன், அவ்வளவுதான். அந்தக் காய்ச்சல் அந்தக் கிருமியால் வந்தது என்றால், அது வயிற்றுப் பிள்ளைக்கு எதைக் கெடுக்கும் என்று இப்போது எழுத மாட்டேன். ஒன்றும் இருக்காது.

"முப்பது கழியாம பிள்ளை வாசல் தாண்டக் கூடாது" என்கிறார்கள் உன் வீட்டில். ஆனால் மூன்று வாரத்துக்குள் எச்சில் எடுத்தால்தான், கிருமி வயிற்றிலேயே தொற்றியதா என்று சொல்ல முடியும். இன்னும் இரண்டே நாள். நாளை நானே வருகிறேன். பஞ்சால் வாயைத் துடைத்து எடுத்தால் போதும். காப்புப் போட வருவதாகச் சொல்லிவை.

நாளைக் காலையிலும் வெடியைச் சோதிப்பார்களாம். தொட்டிலைத் தொடாமல் அவன் முகத்தையே பார். வீறிட்டு அழுதால் உடனே கூப்பிட்டு, மாமியார் எதிரிலேயே என்னைத் திட்டு. போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

உன் அக்கா