சிலிபின் வீட்டில் ஈப்போ ஸ்டேஷன்

8 ஜூன், ஞாயிறு

குவிமாடம் மறுபடி விரிசல் விட்டுவிட்டது. மூன்றாவது தடவை. குழம்பு அகப்பையில் எண்ணெய் தடவி பிளாஸ்டர் ஊற்றினால் அளவு அச்சாகப் பொருந்துகிறது. கழற்றும்போதுதான் சனியன் பிளக்கிறது. இவர் சமையலறையில் அகப்பையைத் தேடிக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் கூரையில் இருக்கிறது என்றேன். டீ கரண்டியால் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார், சத்தமாக.

மகள் ஷாமினி கல்யாணமாகி கிள்ளானுக்குப் போனதும் இந்தச் சிலிபின் வீட்டில் அவள் அறையை நான் பிடித்துக்கொண்டேன். பத்தடி நீளம், மூன்றடி அகலம், மூன்று துண்டாகக் கழற்றலாம். இன்றைய ஈப்போ ஸ்டேஷனின் மாதிரி, எண்பத்தேழில் ஒரு பங்கு. மேலே மின்கம்பி, கீழே இடிஎஸ் மின்சார ரயில். நீராவி எஞ்சின் வைத்தால் அழகாக இருக்குமே என்று சிலர் சொல்கிறார்கள். இருபத்தெட்டு வருஷம் அங்கே டிக்கெட் கொடுத்தவள் நான். அழகு வேண்டுமென்றால் பூந்தொட்டி வாங்கிக்கொள்ளட்டும்.

11 ஜூன், புதன்

ஸைஃபுல் தம்பியிடமிருந்து செய்தி. ரயில் மாதிரி கட்டுவோர் குழுவின் செயலாளர். அவருடைய வாப்பாவுக்கு டவுனில் சாப்பாட்டுக் கடை. ஜூலை 26 ஈப்போ பேரங்காடியில் கண்காட்சியாம். “பத்துமலை அண்ணே, உங்க ஸ்டேஷன்தான் முன்னால நிக்கணும்.”

இனிமேல்தான் தலைவலி. பத்துமலை என்பது இவர் பெயர். என் கையிலிருப்பது இவருடைய பழைய போன். அதே பெயர், முகத்துக்குப் பதில் முருகன் படம். இரண்டு வருஷமாக நாற்பது ஆண்களுக்கு நான் அண்ணன். வேண்டுமென்று செய்யவில்லை. முதலில் வேறொரு குழுவில் என் பெயரிலேயே ஒரு வயரிங் சந்தேகம் கேட்டேன். “பையனுக்கு வாங்குறீங்களா அக்கா?” என்றார்கள். இங்கே அண்ணனாகக் கேட்டேன், ஒரு பக்கத்துக்குப் பதில் வந்தது. அப்படியே இருந்துவிட்டேன்.

12 ஜூன், வியாழன்

இன்னும் பதில் போடவில்லை.

19 ஜூன், வியாழன்

இவரிடம் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தார். லாரி ஓட்டின காலத்தில்கூட அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. பிறகு நெஞ்சை நிமிர்த்தி, “நான் போய் நிக்கிறேன் லா. பேரு என்னோடதுதானே?” என்றார்.

பேரு இவருடையதுதான். அதுதானே வயிற்றெரிச்சல்.

இவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதலாம், தப்பில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, தாராளமாகச் சொல்லிவிட்டாள். கவுண்டரில் இருந்தபோது தைப்பூசம் வந்தால் எனக்குத் திண்டாட்டம். பத்துமலைக்குப் போகணும் என்பார்கள். “முருகன் கோயிலுக்குத்தானே? கேஎல் சென்ட்ரல்ல எறங்கி மாறுங்க” என்பேன். அவரும் என் பெயரைச் சொல்வதில்லை. முப்பத்து நான்கு வருஷமாக நான் “இந்தா”.

2 ஜூலை, புதன்

கண்காட்சிக்கான விண்ணப்பப் பாரம் வந்தது. கட்டியவர் பெயர் என்று ஒரு கட்டம். கலாதேவி என்று அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். உண்மை தெரிந்தால் முன்வரிசையிலிருந்து தூக்கி, பிள்ளைகள் வர்ணம் தீட்டும் மூலையில் வைத்துவிட்டால்? அல்லது பொய்க்காரி என்று குழுவை விட்டே தள்ளிவிட்டால்?

பத்துமலை என்றே அனுப்பிவிட்டேன். இரண்டு வருஷ வேலை, ஒரு விரலால் தாரை வார்த்தாயிற்று. உனக்கு வேண்டும்டி கலா.

6 ஜூலை, ஞாயிறு

இவருக்குப் பாடம் நடக்கிறது. பாதை பிரியும் இடத்தைக் காட்டி என்ன என்று கேட்டால் “சிம்பாங்” என்கிறார். சரி, சந்திதானே, போகட்டும். தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் சரளை என்ன என்று கேட்டால் மிளகு என்கிறார். லகாட் பக்கத்துப் பழைய ஈயக்குட்டை மணலை நான் மூன்று சல்லடையில் சலித்தது. மூட்டையைத் தூக்கி வந்ததே இவர்தான்!

13 ஜூலை, ஞாயிறு

பெயர் அட்டை அச்சாகி, படம் வந்தது. எழுத்து பெரிதாக, பளிச்சென்று இருக்கிறது. இவர் அதைத் தன் அக்கா புஷ்பலதாவுக்கு அனுப்பிவிட்டார். அண்ணி போன் போட்டு, சின்ன வயசிலேயே தம்பி கை சும்மா இருக்காது, தீப்பெட்டியில் லாரி செய்வான் என்று அரை மணி நேரம் பேசினார்கள். இவர் மறுக்கவே இல்லை. “ஏதோ நம்மால முடிஞ்சது” என்று அடக்கம் வேறு.

நான் வடை சுட்டேன். எல்லாம் கரி. அதைத்தான் பரிமாறினேன்.

சாயங்காலம் பூப்போட்ட புது பாத்தேக் சட்டை வாங்கி வந்திருக்கிறார்.

26 ஜூலை, சனி

போய்விட்டு வந்தாயிற்று. முட்டி வலிக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

27 ஜூலை, ஞாயிறு

இவர் பாத்தேக் சட்டையில் ஸ்டேஷன் பக்கத்தில் நின்றார். நான் தண்ணீர் போத்தலோடு பின்னால் நாற்காலியில். கேட்டவர்களுக்கெல்லாம் “அது ரகசியம் லா” என்று சமாளித்தார். குவிமாடத்தை எப்படிச் செய்தீர்கள் என்று ஒருவர் கேட்டதும், அகப்பை கதையைத் தானே பட்ட கஷ்டமாகச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. எனக்கு அந்த இடத்திலேயே போத்தலைத் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது.

பதினோரு மணி இருக்கும். இடிஎஸ் பிளாட்பாரத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. இவர் விரலால் தள்ளினார், செத்துப்போன லாரியைத் தள்ளுவதுபோல. ரயில் தடம் புரண்டது. ஸைஃபுல் தம்பி ஓடி வந்து, “எந்தப் பகுதியில கரண்ட் போச்சு, அண்ணே?” என்றார். இவர் கூரையைப் பார்த்தார். பேரங்காடியின் கூரையை.

பொறுக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு மேசைக்கு அடியில் போனேன். இரண்டாவது துண்டும் மூன்றாவதும் சேரும் இடத்தில் ஒரு வயர் கழன்று தொங்கியது. கொண்டுவரும்போது இடிபட்டிருக்கும். முறுக்கி டேப் சுற்றினேன். வெளியே வந்து ரயிலைத் தண்டவாளத்தில் ஏற்றிப் பட்டனை அழுத்தினேன். ஒழுங்காகப் போய் பிளாட்பாரத்தில் நின்றது.

“பரவால்லையே, அண்ணி நல்லா ஒத்தாசை பண்றாங்க” என்றார் ஸைஃபுல்.

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஒத்தாசை! தலைமுடியில் நூலாம்படை, கையில் டேப், அழுதுவிடக் கூடாது என்று தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

“ஒத்தாசை இல்ல, தம்பி. இத கட்டுனது அவங்கதான். நான் மணல் மூட்ட தூக்குனேன், அவ்வளவுதான்.”

ஸைஃபுல் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. “அண்ணி பேரு என்னாண்ணே?” என்று கேட்டார் அந்தத் தம்பி.

இவர் என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டது. ஐம்பது பேர் நிற்கிறார்கள்.

“கலாதேவி” என்றார்.

அவர் குரலில் அதைக் கேட்டபோது வேறு யாரையோ சொல்வதுபோல் இருந்தது. நல்லாத்தான் இருந்தது. அப்புறம் ஸைஃபுலுக்குக் குழப்பம். “அப்போ குழுவுல பேசுனது? பத்துமலைங்கறது யாரு, அக்கா?”

இவர் பெயர் வாய் வரைக்கும் வந்தது. வரவில்லை. கையிலிருந்த டேப்பால் இவரைச் சுட்டிக் காட்டினேன். கூட்டம் சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். குழுவில் பேசியது நான்தான் என்று பிறகு விளக்கமாகச் சொன்னேன். என்னை யாரும் எங்கும் தள்ளவில்லை. ஒரு பெரியவர் மட்டும் கொஞ்சம் முறைத்தார். போன மாதம் என்னிடம் “மச்சான்” போட்டு மூலநோய் வைத்தியம் கேட்டவர் அவர். நியாயம்தான்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

போனில் பெயரை மாற்றச் சொன்னேன். இவரே உட்கார்ந்து ஒரு விரலால் அடித்துத் தந்தார். புஷ்பலதா அண்ணிக்கும் இவரே போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். தீப்பெட்டி லாரியாவது நீ செய்ததுதானே என்று கேட்டார்களாம்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

ஸைஃபுல் கூப்பிட்டார். கோப்பெங்கில் ஒரு பள்ளி மண்டபத்தில் அடுத்த மாதம் வைக்கிறார்களாம். ஒலிபெருக்கியில் படிக்க, கட்டியவர் பெயரும் கூட உழைத்தவர் பெயரும் வேண்டும், ஒரு தடவை வாயால் சொல்லுங்கள், உச்சரிப்பு தவறக் கூடாது என்றார்.

கட்டியவர் கலாதேவி என்றேன். கூட உழைத்தவர் என்று கேட்டார். சமையலறையில் இவர் தட்டோடு உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அட்டையில் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம்.

“பத்துமலை” என்றேன்.

ஸைஃபுலுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. நன்றி அக்கா என்று வைத்துவிட்டார். திரும்பினால் இவர் எச்சில் கையோடு அறை வாசலில் நிற்கிறார்.

“யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு.”

“நான்தான்,” என்றேன். “வந்துட்டீங்கல்ல, ஸ்டேஷனோட அந்த ஓரத்தப் புடிங்க.”