பணி திருப்திகரமாக முடிக்கப்பட்டுள்ளது

இன்று காலை பள்ளிக் கதவைத் திறந்து உள்ளே போனதும் பெயிண்ட் வாடை முகத்தில் அடித்தது. பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்கு நேற்று சாயங்காலம்தான் வண்ணம் பூசி முடித்திருந்தார்கள். வாடை போகட்டும் என்று ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்தேன், போகவில்லை. பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு இந்தத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உங்களுக்கு எழுத வேண்டும் என்று ஒரு வருடமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களை "நீங்கள்" என்று நான் சொல்வது இதுதான் முதல் தடவை. நீங்கள் இருந்தவரைக்கும் "வாம்மா", "இரும்மா", "அப்புறம் வா" என்றுதான் பேசினேன். ஊர்த் தெருவிலிருந்து வருகிற அம்மாக்களிடம் "உட்காருங்க" என்று சொன்னதும் இதே வாய்தான். யாரும் எனக்கு இப்படிச் சொல்லித்தரவில்லை. யோசித்தும் செய்யவில்லை. அது பாட்டுக்கு வந்தது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாக உங்களைத் தலைமையாசிரியையான நான் தேர்ந்தெடுத்த காரணமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகளின் அம்மாக்களில் ஒருவர் தலைவியாக இருக்க வேண்டும் என்பது விதி. "காலனியில யாராவது அமைதியான பொம்பளையா பாத்துப் போடுங்க டீச்சர், கையெழுத்துக்கு அலையக் கூடாது" என்று ஊராட்சித் தலைவர் சொன்னார். தலைவர் என்று நாங்கள் எல்லாரும் சொன்னது அவரைத்தான். தேர்தலில் ஜெயித்தது அவர் மனைவி. அந்த அம்மா கூட்டத்துக்கு வந்து உட்காருவார், பேசுவது இவர். நீங்கள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர், ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர், கூட்டத்தில் கடைசியில் நிற்பவர். பொருத்தமாக இருக்கும் என்று நானும் கணக்குப் போட்டேன்.

முதல் தீர்மானத்தில் கையெழுத்து வாங்க ஆள் அனுப்பினேன். கழனியிலிருந்து நேராக வந்தீர்கள், கணுக்கால் வரைக்கும் சேறு. அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றுகொண்டு நோட்டை வாங்கினீர்கள்.

"இதுல இன்னா எழுதிகீது டீச்சர்?"

"வழக்கமானதுதாம்மா. போடு."

"படிச்சிட்டு போடறேனே."

எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தீர்கள். ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எரிச்சலாக இருந்தது. படித்து முடித்துவிட்டு, "ஆறு பேர் வந்தாங்கன்னு போட்டுகீது. யாரும் வர்லியே?" என்று கேட்டீர்கள். அன்றைக்கே தெரிந்துவிட்டது, நான் போட்ட கணக்கு தப்பு என்று.

கழிப்பறைப் பேச்சு அதற்குப் பிறகு வந்தது. உங்கள் மகள் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவளுடைய தண்ணீர் பாட்டிலோடு வந்து என் மேசைமேல் வைத்தீர்கள். கழுத்து வரைக்கும் தண்ணீர் அப்படியே இருந்தது.

"காலைல ரொப்பிக் குடுக்கறேன் டீச்சர். சாய்ங்காலம் அப்டியே கொண்டாருது. ஏண்டி குடிக்கலன்னு கேட்டா, குடிச்சா எங்க போறதுன்னு கேக்குது."

எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பிள்ளைகளின் கழிப்பறையில் கதவு உடைந்து, குழி நிரம்பி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாதத்தில் நான்கு நாள், ஐந்து நாள் பெரிய பெண்கள் ஏன் வருவதில்லை என்பதும் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். நான் பதில் சொல்வதற்குள், "நீங்கள்ளாம் எங்க போறீங்க டீச்சர்?" என்று கேட்டீர்கள். குத்திக் காட்டக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டீர்கள். ஆசிரியர்களுக்கு என்று பின்பக்கம் ஒன்று பூட்டி வைத்திருந்தோம். அதன் சாவி அந்த நேரத்தில் என் கைப்பையில் இருந்தது. "ஏதோ சமாளிச்சுக்கறோம்மா" என்றேன்.

ஆனாலும் அதற்கடுத்த வாரம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்தோம். மனுவை நான் எழுதினேன், முதல் கையெழுத்தை நீங்கள் போட்டீர்கள். சாலவாக்கத்திலிருந்து வருகிற டவுன் பஸ்ஸில் ஏறி ஒன்றிய அலுவலகத்துக்குப் போனோம். நான் உட்கார்ந்த சீட்டில் பக்கத்து இடம் காலியாக இருந்தும் நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். "உட்காரும்மா" என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தீர்கள். முந்தானையில் முடிந்து வந்த வேர்க்கடலையில் பாதியை என் கையில் கொட்டினீர்கள். மனுவில் முத்திரை குத்தி நகலைக் கொடுத்தபோது, அதை இரண்டு கையாலும் வாங்கி மடிக்காமல் பிடித்துக்கொண்டீர்கள். திரும்பி வரும்போது, "எனுக்குப் பேச வராது டீச்சர், ஆனா நீங்க கூட இருந்தா பேசிடுவேன்" என்றீர்கள். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

நான்கு மாதத்தில் பணம் ஒதுக்கி வேலையைத் தொடங்கினார்கள். தலைவரின் மச்சான்தான் காண்டிராக்டர். பத்துப் பதினைந்து நாளில் வெளிச்சுவருக்கு டைல்ஸ், புதுக் கதவு, சுவரில் பூவும் பட்டாம்பூச்சியும், மேலே கறுப்பு நிறத்தில் ஒரு தண்ணீர் டேங்க். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் உள்ளே போய்க் குழாயைத் திருகினீர்கள். ஏணி வாங்கி வரச் சொல்லி மேலே ஏறி டேங்கையும் திறந்து பார்த்தீர்கள். டேங்குக்குப் பைப்பே வரவில்லை. பழைய குழியைத் தோண்டவும் இல்லை, அதன்மேல் சிமெண்ட் பூசி மூடியிருந்தார்கள்.

"குழா கீது, தண்ணி இல்ல. காயிதத்துல கையெழுத்து போடாதீங்க டீச்சர். தண்ணி வந்தப்பறம் போட்டுக்கலாம்."

"சரிம்மா" என்று சொன்னேன்.

மறுநாள் தலைவர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து குடும்பத்தையெல்லாம் விசாரித்தார். "காஞ்சிபுரத்துல வூடு கட்டிக்கினு கீறீங்களாமே டீச்சர், ரொம்ப சந்தோஷம். இங்கேந்து போய்ட்டு வர்றது உங்களுக்குத் தோது. வேற எங்கியாவது தூக்கிப் போட்டாங்கன்னா பேஜாரு" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. காகிதம் அவர் சட்டைப்பையில் தயாராக இருந்தது. "பணி திருப்திகரமாக முடிக்கப்பட்டுள்ளது" என்று ஒரே வரி. கீழே தலைமையாசிரியை என்று அச்சடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையும் வைத்தேன். அவர் டீ குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

அதை நான் உங்களிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஆகஸ்ட் பதினைந்து வந்துவிட்டது.

காலையில் பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு எல்லோருமாக ஊராட்சி அலுவலகத்து முன்னால் போட்ட ஷாமியானாவுக்குப் போனோம், கிராம சபைக்கு. எனக்கு முன்வரிசையில் நாற்காலி. நீங்கள் பெண்களோடு தார்ப்பாயில் உட்கார்ந்திருந்தீர்கள். வரவு செலவை வாசித்து முடித்ததும் எழுந்தீர்கள்.

"ஸ்கூல் பாத்ரூம் வேல முடிஞ்சிதுன்னு படிச்சீங்க. அது முடியல."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தலைவர் சிரித்தார். "நமக்கு எதுக்கு சண்ட? டீச்சர் இங்கதான் கீறாங்க. அவங்களையே கேட்டுடலாம்."

எழுந்தேன். உங்கள் முகத்தில் அப்போது ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். கூட நான் இருக்கிறேன் என்ற நிம்மதி. "வேலை முடிஞ்சிருக்குங்க" என்றேன்.

நீங்கள் உட்காரவில்லை. "தண்ணி வருதா டீச்சர்? அத மட்டும் சொல்லுங்க."

"அது... மோட்டார் கனெக்‌ஷன் வந்தா வந்துடும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"கையெழுத்துப் போட்டவங்களே சொல்லிட்டாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்கள கமிட்டியில போட்டா இப்டித்தான்" என்றார் தலைவர். சிரிப்பு முன்வரிசையில் ஆரம்பித்துப் பின்னால் வரைக்கும் போனது. நானும் சிரித்தேன். சத்தமாக இல்லை. எல்லோரும் சிரிக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உதட்டை விரித்துவைத்தேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள்.

மூன்று நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தீர்கள். உங்களை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் நான் எட்டாம் வகுப்புக்குள் போய்ப் பாடம் நடத்த ஆரம்பித்தேன். அது என் பாடவேளையே இல்லை. மணி அடிக்கும்வரை வெளியே நின்றிருந்தீர்கள். சண்டை போடுவீர்கள் என்று நினைத்தேன். "கையெழுத்துப் போட்டத முன்னாடியே சொல்லியிருந்தா நான் எழுந்தே இருக்க மாட்டேன் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

அதற்குப் பிறகு நூறு நாள் வேலைப் பட்டியலில் பல வாரம் உங்கள் பெயர் வரவில்லை. கேட்டதற்கு, "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார்களாம். பக்கத்து வகுப்பு டீச்சர் என்னிடம் சொன்னாள். பாவம் என்றேன். குழுவைத் திருத்தியமைத்தபோது வேறொரு அம்மாவைத் தலைவியாகப் போட்டோம். கேள்வி கேட்காதவர். உங்கள் மகள் எட்டாவது முடிக்கும்வரை அந்தத் தண்ணீர் பாட்டிலை நிறைத்து எடுத்து வந்து நிறைந்தபடியே எடுத்துப் போனாள். தினமும் என் அறையைத் தாண்டித்தான் போவாள். வழியில் பார்த்தால் நீங்கள் எப்போதும்போல "நல்லாக்கீறீங்களா டீச்சர்" என்று கேட்டீர்கள். உங்களுக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நீங்கள் இறந்துபோனீர்கள் என்று கேள்விப்பட்டேன். மஞ்சள் காமாலையை ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டுவிட்டீர்களாம். உங்களை எடுத்த அன்றைக்கு நான் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தேன். பதினோரு வருடம் இந்தப் பள்ளியில் இருந்தும் உங்கள் தெருவுக்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான். பள்ளியிலிருந்து ஐந்து நிமிட நடை.

உங்கள் மகள் பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டாள். என்ன சான்றிதழ் வாங்க வேண்டும், எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டு, ஒரு பிளாஸ்டிக் கவரை என் மடியில் கொட்டினாள். ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புத்தகம். அவற்றின் நடுவில் அந்த மனுவின் நகல், முத்திரையோடு, ஒரு மடிப்புகூட இல்லாமல்.

"இது இன்னும் வேணுமா டீச்சர்? பத்திரமா வெச்சிருந்துச்சு அம்மா."

என் கையெழுத்தில் நான்தான் எழுதியிருந்தேன். "பெண் குழந்தைகள் நாள் முழுவதும் தண்ணீர் அருந்தாமல் இருக்கும் நிலை உள்ளது." நான் எழுதிய வரியை நானே அங்கே உட்கார்ந்து படித்தேன்.

அந்த வாரமே ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதினேன். வேலை முடியாமலே முடிந்ததாகச் சான்று கொடுத்தேன், அது பொய்ச் சான்று, கொடுத்தது நான் என்று எழுதினேன். அடுத்த கிராம சபையில் எழுந்து அதையே சொன்னேன். பெரிதாக ஏதோ நடக்கப்போகிறது என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு பெரியவர், "அதான் எல்லாத்துக்கும் தெரியுமே டீச்சர்" என்றார். தலைவர் தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்வதற்கு உங்களைத் தனியாக நிற்கவிட்டு இத்தனை வருடம் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. ஒரு வருட ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். பயந்த மாதிரி வேறு ஊருக்குத் தூக்கிப் போடவில்லை. தலைவரின் மச்சானுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, போன மாதம்கூட ஒரு சிறுபாலம் கட்டிக்கொண்டிருந்தார். ஆனால் வேறு ஆட்கள் வந்து குழி தோண்டினார்கள், டேங்குக்கு மோட்டார் லைன் போட்டார்கள். நேற்றிலிருந்து தண்ணீர் வருகிறது. பின்பக்கக் கழிப்பறையின் பூட்டையும் எடுத்துவிட்டேன்.

போன வாரம் உங்கள் மகள் எட்டாம் வகுப்புச் சான்றின் நகல் கேட்டு வந்தாள். இப்போது பதினொன்றாவது படிக்கிறாள். உங்களைவிட உயரம். "உட்காருங்க" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலை நடப்பதைக் காட்டினேன், நான் எழுதியதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"அம்மா என்னைப் பத்தி வீட்டுல என்ன சொல்லுவாங்க?"

"ஒண்ணும் சொல்லாது டீச்சர். ஒரு தபா நான்தான் உங்களத் திட்டிட்டேன். அம்மா அடிச்சிடுச்சு. 'டீச்சருக்கு பயம்டி, அவ்ளோதான். பயந்தவங்கள திட்டக் கூடாது'ன்னு சொல்லுச்சு."

மெமோவுக்கு இரண்டு பக்கம் விளக்கம் எழுதியவள் நான். நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் ஏதாவது பதில் தேடியிருப்பேன். குடும்பம், வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று சொல்லியிருப்பேன். நீங்கள் அதையெல்லாம் எனக்கு முன்பே யோசித்து, எனக்காகச் சொல்லிவிட்டு, அதற்காக உங்கள் பிள்ளையையும் அடித்திருக்கிறீர்கள்.

ஒன்றை மட்டும் விடாமல் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் பயந்தவள் என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது? அந்தச் சபைக்குப் பிறகா, முன்பேயா? முன்பே என்றுதான் தோன்றுகிறது. வாசலில் நின்று நோட்டைப் படித்த நாளிலேயே தெரிந்திருக்கும். தெரிந்தும், வேலை முடிந்தது என்று நான் சொன்ன பிறகும், அத்தனை பேருக்கு முன்னால் 'தண்ணி வருதா' என்று என்னிடமே கேட்டீர்கள். இந்தத் தடவை சொல்லிவிடுவாள் என்று நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள். நான் உட்காருகிற வரைக்கும் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள்.