அப்பாவின் கண்ணில் ஒரு சொட்டுப் பசை

ஜூன் 12
பள்ளி நூலகத்தில் இரண்டு புத்தகங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்தால் பூட்டு. வேங்கிக்கால் பிள்ளையார் கோயிலில் அப்பாதான் அர்ச்சகர். அங்கே தேங்காய் உடைக்கும்போது ஓட்டுச் சில்லு தெறித்து வலது கண்ணில் குத்திவிட்டதாம். கருவிழியில் ஓட்டை! கண் போய்விடுமா? எழுத முடியல.

ஜூன் 13
டாக்டர் தேவிப்ரியா சில்லை எடுத்துவிட்டு, ஓட்டையைப் பசையால் அடைத்திருக்கிறார். ஈரம் பட்டதும் இறுகும் மருத்துவப் பசை. இமை உரசாமலிருக்க மேலே மெல்லிய லென்ஸ்.

ஏன் தைக்கவில்லை என்று கேட்டேன்.

"சின்ன ஓட்டை. தையல் போட்டா தழும்பு ஜாஸ்தியாகும். புண்ணு ஆறினா பசை தானா உதிர்ந்துடும். ஆறுறதுக்கு முன்னாடி உதிர்ந்தாதான் கஷ்டம். கண்ணைத் தொடவே கூடாது," என்றார்.

ஜூன் 15
எதிர்வீட்டு பச்சையம்மாள் அக்கா, "செருப்பு ஒட்டுவாங்களே, அந்தப் பசையாடி?" என்றார். அரைமணி நேரம் விளக்கினேன். "அப்போ நீயே ஒட்டியிருப்ப போல!" என்று சிரித்தார் அக்கா.

ஜூன் 20, வெள்ளி
அம்மா பூஜையில் கற்பூரம் காட்டினாள். அப்பா பழக்கதோஷத்தில் சுடரைத் தொட்டு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். லென்ஸ் உள்ளங்கையில்!

"ஏன்னா, உங்க கண்ணு! நான் ஏன் உங்ககிட்ட தட்டை நீட்டினேன்!" என்று அம்மா அழுதாள். ஆட்டோவில் ஓடினோம்.

டாக்டர் மஞ்சள் மருந்து விட்டு நீல விளக்கில் பார்த்தார். ஓட்டை வழியே கண்ணுக்குள்ளிருந்து நீர் கசிந்தால் பச்சையாக ஓடுமாம். என்னையும் பார்க்கவிட்டார். ஓடவில்லை. பசை அப்படியே இருந்தது! புது லென்ஸ் வைத்தார்.

"கை கேக்கலடி சைலு," என்றார் அப்பா.

கேட்காவிட்டால் என்ன, நான் பிடித்துக்கொள்கிறேன்.

ஜூலை 3
கற்பூரம் காட்டும்போதெல்லாம் அப்பாவின் இரண்டு கைகளும் என் பிடியில். "போலீஸ்காரி," என்கிறார்.

ஜூலை 18
காலையில் லென்ஸுக்குள் நகத்துணுக்கு போல ஏதோ மிதந்தது. பசை! பயந்துகொண்டே போனோம். நீல விளக்கில் கசிவு இல்லை. ஆறிவிட்டது! ஓரத்தில் சின்ன வெள்ளைத் தழும்பு மட்டும். இடது கண்ணை மூடிக்கொண்டு, பலகையில் கடைசிக்கு முந்தைய வரிவரை அப்பா படித்தார். டாக்டர் எனக்குக் கை கொடுத்தார். எனக்கு!

ஜூலை 27
அப்பா இன்று கோயிலுக்குத் திரும்பினார். நெற்றியில் விபூதிப் பட்டை, அதன் கீழே நான் வாங்கிக் கொடுத்த பெரிய பாதுகாப்புக் கண்ணாடி. வரிசையில் ஒருவர், "இன்னா சாமி, வெல்டிங் வேலையா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"எம் பொண்ணு உத்தரவு," என்று சொல்லிவிட்டு அப்பா அடுத்த தேங்காயை எடுத்தார்.