சித்தி இறக்கிவைக்காத பை

அம்மா, என் அம்மா,

சித்தி இன்று காலை யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிட்டார். உங்கள் ஆண்டுத் திவசத்துக்காக வந்தவர். வந்த அன்றே அலுமாரியில் உங்கள் அஸ்திக் கலசத்தைக் கண்டு கேட்டார்: "செத்து முப்பத்தொராம் நாளோடை கரைக்கவேண்டியதை வீட்டுக்கை வைச்சிருக்கிறியே, பிள்ளை?"

"இஞ்சையே இருக்கவேணும் எண்டு அம்மாதான் சொன்னவ."

பிறகு அவர் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. அந்த மௌனத்தைத்தான் நான் நம்பவில்லை.

நேற்று கடைசி நாள். இருபது நாளும் எங்கள் தெருமுனைப் பலாரோச் சந்தையைத் தாண்டாதவர், திடீரென்று ஊர் பார்க்கவேண்டும் என்றார். சிசிலியின் தலைநகரத்துக்கு வந்துவிட்டு ஒன்றும் பார்க்காமல் போகலாமா என்றார். தோளில் கறுப்புப் பை. நான் தூக்குகிறேன் என்றேன். தரவில்லை.

பேராலயத்தில் பை மடியில். பெரிய இசைநாடகத் தியேட்டரின் சிவப்பு நாற்காலியிலும் மடியில்தான். வழிகாட்டிப் பெண் கூரை ஓவியத்தைக் காட்டினாள். எல்லோரும் அண்ணாந்தார்கள். நான் பையைப் பார்த்தேன். காலையில் அலுமாரியைத் திறந்து பார்க்காமல் வெளிக்கிட்டது அப்போதுதான் உறைத்தது.

அரண்மனை வாசலில் பைகளைச் சோதனை இயந்திரத்துக்குள் விடச் சொன்னார்கள். சித்தி பின்வாங்கினார்.

"கால் நோகுது. நீ போய்ப் பாத்திட்டு வா."

எதிரில் இருந்த பூங்காவில் அவரை இருத்தி, பையை வாங்கித் திறந்தேன். கம்பளிச் சட்டைக்குள் சுற்றியபடி நீங்கள். பக்கத்தில் அவருடைய பாஸ்போர்ட்.

"களவாக் கொண்டுபோகப் பாத்தனீங்களோ, சித்தி?"

"போடி. களவெடுக்கிறவள் பட்டப்பகலிலை ஊரெல்லாம் காவிக்கொண்டு திரிவாளோ? வேலைக்குப் போகேக்கையும் வரேக்கையும் தியேட்டர் வாசலாலைதான் போறன், உள்ளுக்கை என்ன இருக்கெண்டு தெரியாது எண்டு அக்கா போனிலை சொல்லுவா. அதுதான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

"அப்ப பாஸ்போர்ட்?"

"அது இல்லாமல் வெளியிலை போகவேண்டாம் எண்டு நீதானே சொன்னனி!"

சொன்னேன்தான். நம்பலாமா, அம்மா? பாதி நம்பினேன்.

பிறகு அவர் மெல்லச் சொன்னார். உங்களை ஊரில் கீரிமலைக் கடலில் கரைக்கச் சொல்லி நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து அவரை அழைத்தீர்களாம். கடைசிக் கிழமை. வியாழக்கிழமை.

அதே வியாழன் பின்னேரம்தான் என் கையைப் பிடித்து, "நான் இஞ்சையே இருப்பன்" என்றீர்கள்.

அப்போது என் சந்தேகம் சித்தியை விட்டு உங்கள் மேல் திரும்பியது. லிபெர்த்தா வீதியில் நீங்கள் வேலை செய்த வீட்டுக்காரச் சிஞ்ஞோராவுக்கும் அன்று ஒரு சொல் கொடுத்திருந்தீர்கள். அடுத்த மாதம் வேலைக்கு வருவதாக. ஆளுக்கு ஆள் கேட்டதைக் கொடுத்தீர்களா? எங்களில் யாரிடம் பொய் சொன்னீர்கள்?

"கரைக்கிறதைப் பற்றி நீங்களோ கேட்டனீங்கள்?" என்றேன்.

"எனக்கென்ன விசரே? அக்கா சாகப்போறா எண்டே தெரியாது. நான் ஒடியல் மா அனுப்பவோ எண்டு கேட்டுக்கொண்டு இருந்தனான். அவவாத்தான் சொன்னவ."

நீங்கள் "இருப்பன்" என்று சொல்வதற்கு முன், நான் என்ன சொன்னேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. "என்னை விட்டிட்டுப் போகாதேங்கோ" என்று அழுதேன். வேறு என்ன பதில் உங்களிடம் இருந்திருக்கும்?

இன்று விமான நிலையத்தில் சித்தியின் பையை மறுபடி திறந்து பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவர் இரு கைகளையும் உயர்த்தினார். "வடிவாப் பார். காதுக்குள்ளையும் பார்." சிரித்தார். அழுதார்.

அவர் சொன்னது முழுவதும் உண்மையா என்று இன்னும் தெரியாது. ஆனால் நீங்கள் என்னிடம் சொன்னது எனக்காகச் சொன்னது என்று தெரியும்.

நாளை நகரசபைக்குப் போகிறேன், உங்களை நாட்டைவிட்டுக் கொண்டுபோக அனுமதி எடுக்க. கீரிமலைக்கு உங்களை நானே கொண்டுபோவேன். அன்று "போகாதேங்கோ" என்று சொல்லமாட்டேன்.

ஒரு வருடமாக உங்களை மறித்து வைத்திருக்கும்
உங்கள் மகள்