மகன் எழுதிய என் கடிதம்

நோபல் பார்க், மெல்பேர்ண்
9 மே 2004

என் செல்ல மகள் பற்றிமாவுக்கு,

முதலில் இந்தக் கையெழுத்துக்காக அப்பாவை மன்னித்துக்கொள். சில எழுத்து பெரிதாக இருக்கும், சில எழுத்து சிறிதாக இருக்கும். வரி கோட்டை விட்டு மேலே ஏறும். திங்கட்கிழமை தொடங்கிய கடிதம் இது, இன்று ஞாயிறு. ஒரு நாளைக்கு நாலு வரிக்கு மேல் எழுதினால் விரல் விறைத்துப்போகிறது. ஆனாலும் இது எல்லாம் நானே எழுதியது. உறையில் இருக்கும் இங்கிலிசு விலாசம் மட்டும் சந்திரவதனா ரீச்சர் எழுதித் தந்தது.

ரீச்சர் யார் என்று கேட்பாய். கோயில் மண்டபத்தில் புதன்கிழமைகளில் வயது போனவர்களுக்கு இங்கிலிசு வகுப்பு நடக்கிறது. நானும் போனேன். ரீச்சர் கரும்பலகையில் இங்கிலிசுச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழில் எழுதி, "பார்த்து எழுதுங்கோ அங்கிள்" என்றா. "பிள்ளை, எனக்கு இரண்டும் ஒன்றுதான்" என்றேன். அவ சிரிக்கவில்லை. அன்றையிலிருந்து வகுப்பு முடிந்ததும் அரை மணித்தியாலம் எனக்கு மட்டும் தமிழ். பத்து மாதம் ஆகிவிட்டது. இங்கிலிசு படிக்கப் போனவன் எழுபத்தொரு வயதில் தமிழ் படித்துவிட்டேன்.

அண்ணாவுக்கும் மச்சாளுக்கும் தெரியாது. இதுவரை உன் கடிதத்தை அவன்தான் வாசித்துக் காட்டினான், நான் சொல்லச் சொல்ல அவன்தான் எழுதினான். ரெலிபோனிலோ எனக்குப் பாதிக்குமேல் காது கேளாது. இனி நீயும் நானும்தான்.

நீ வேலை செய்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள் என்றும், ஒரு முதலாளியும் பொறுப்பு நிற்காமல் உனக்கு நீயே பொறுப்பு நின்று விசா எடுக்கப் போகிறாய் என்றும் மாசி மாதம் அண்ணா வாசித்தான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கூலிக்கு வலை இழுத்த சுவாம்பிள்ளையின் மகள் சம்மாட்டி ஆகப் போகிறாள், தன் வள்ளத்தில் தானே ஏறப் போகிறாள் என்று வகுப்பில் எல்லாருக்கும் சொன்னேன். படிப்பிக்க எத்தனை இடம் சேர்ந்துவிட்டது? விபரமாக எழுது. என் பெயருக்கு எழுது. நானே உடைத்து நானே வாசிப்பேன்.

உன் அப்பா,
செ. சுவாம்பிள்ளை

(இது கையெழுத்து. பெருவிரல் இல்லை.)


கோபே, யப்பான்
21 மே 2004

என் அன்பான அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ரயிலில் வைத்து உடைத்தேன். முதல் வரியிலேயே அழத் தொடங்கி, இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்கவேண்டாம். பன்னிரண்டு வயதில் மன்னாரை விட்டு வந்தவளின் கையெழுத்தும் அப்படி ஒன்றும் அழகில்லைத்தானே.

ஆனால் அப்பா, எனக்கு ஒன்று விளங்கவில்லை. எத்தனை இடம் சேர்ந்தது என்று கேட்கிறீர்கள். நான்தான் அதை விட்டுவிட்டேனே!

விபரம் கேட்டீர்கள், சொல்கிறேன். என் விசா ஆடி, அதாவது யூலை, பதினைந்தாம் திகதி முடிகிறது. ஒரே பள்ளிக்கூடம் வேலை தராவிட்டால், பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இங்கிலிசு கற்பித்து, ஒவ்வொருவரிடமும் ஒப்பந்தம் எழுதி வாங்கி, எல்லாம் சேர்த்து இந்த வேலையில் என்னால் சீவிக்க முடியும் என்று குடிவரவு அலுவலகத்துக்குக் காட்டவேண்டும். ஒரு பாலர் பள்ளி, ஆஸ்பத்திரித் தாதிமாருக்கு ஒரு வகுப்பு, இரண்டு குடும்பங்கள் என்று சேர்த்தேன். கடைசியாக நகாத்தா அம்மாவின் சிறிய பள்ளிக்கூடம். விண்ணப்பத்தில் யாராவது ஒருவர் முத்திரை குத்தவேண்டும், அவ சம்மதித்தா.

அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதங்கள் வந்தன. ஒன்று பங்குனியில், ஒன்று சித்திரையில். "கால் முன்னைப்போல் இல்லை, கண் மூடுமுன் நீ பக்கத்தில் இருக்கவேண்டும், விசா கிசா எல்லாம் போதும், வா" என்று. இரண்டாவதை வாசித்த அன்றே நகாத்தா அம்மாவிடம் போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆடி பத்தாம் திகதிக்கு மெல்பேர்ண் விமான ரிக்கெற் போட்டுவிட்டேன். அண்ணாவுக்கு ஈமெயிலில் சொன்னேன். "அப்பாவுக்குச் சொல்லாதே, வந்து நிற்கும்போது பார்க்கட்டும்" என்று அவர்தான் எழுதினார்.

உங்கள் சித்திரைக் கடிதத்தைப் பிரதி எடுத்து இதோடு வைக்கிறேன். நீங்களே வாசியுங்கள்.

உங்கள் மகள்,
பற்றிமா


நோபல் பார்க்
3 யூன் 2004

அன்பு மகளுக்கு,

நான் சொன்ன கடிதம் என்று ஒன்றை வாழ்க்கையில் முதன்முறையாக நானே வாசித்தேன். பின்வளவில் கதிரையைப் போட்டு, குளிருக்குத் தொப்பியும் போட்டு, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். நல்ல கடிதம். எனக்கே அழுகை வந்தது. ஆனால் அதில் என் சுகமும் பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்ட செய்தியும் மட்டும்தான் நான் சொன்னவை.

அண்ணா வேலையால் வந்து சப்பாத்துக் கழற்ற முதலே பிடித்துக்கொண்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அருமை, இது ஆற்றை கடிதம்?"

"உங்கடைதான் அப்பா." பிறகுதான் என் கையில் கடதாசி இருப்பதைப் பார்த்தான். "உங்களுக்கு ஆர் வாசிச்சுக் காட்டினது?"

"நான்தான் வாசிச்சனான்."

"பகிடி விடாதையுங்கோ."

நான் ஒரு வரியை வாசித்தேன். கண் மூடுமுன் என்ற வரியை. அவன் ஒரு காலில் சப்பாத்தோடு அப்படியே இருந்துவிட்டான்.

"நான் எப்பயடா இப்பிடிச் சொன்னனான்?"

"நீங்கள் சொல்லேல்லை. நினைச்சனீங்கள். நான் எழுதினனான்."

குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற உன் மச்சாள் மார்கரெட், "கடிதம் எழுதச் சொன்னால் இந்த மனிசன் நாடகம் எழுதியிருக்கு" என்றா.

"நீ சும்மா இரு. அப்பா, ஞாயிற்றுக்கிழமை அவளோடை கதைச்சு ரெலிபோனை வைச்ச பிறகு ஒரு மணித்தியாலம் அந்தக் கதிரையை விட்டு எழும்புறியளா? எனக்குக் கண் இல்லையோ?"

நான் உள்ளே போய்விட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவனும் வரவில்லை, நானும் போகவில்லை. மார்கரெட் இரண்டு கோப்பையிலும் சோறு போட்டு மூடி வைத்துவிட்டு, "அப்பனும் மகனும் ஒரே அச்சு" என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டா. அடுத்த நாள் காலை அருமை எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தான். "பிழைதான்" என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

நீ அவனோடு சண்டை பிடிக்காதே. ஆனால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே நகாத்தா அம்மாவிடம் ஓடு. என் தகப்பன் எழுதாத கடிதத்தை நம்பிவிட்டேன் என்று சொல்லு. அவவுக்கும் தகப்பன் இருந்திருப்பார்தானே, விளங்கும்.

அப்பா,
செ. சுவாம்பிள்ளை


கோபே
13 யூன் 2004

அன்புள்ள அப்பாவுக்கு,

அண்ணாவுக்கு நீளமாக ஒரு ஈமெயில் எழுதினேன், அனுப்பவில்லை. உங்களுக்காகத்தான் அனுப்பவில்லை.

நகாத்தா அம்மாவிடம் போனேன். நீங்கள் சொல்லச் சொன்னதை என் அரைகுறை யப்பான் மொழியில் சொன்னேன். அவ இரண்டு தரம் திருப்பிக் கேட்டா. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. என் இடத்துக்கு இன்னும் யாரையும் எடுக்கவில்லையாம். ஆனால் ஆடி ஆறாம் திகதிக்குள் முடிவு சொல்லவேண்டும், அதற்குப் பிறகு வேறு ஆளைப் பார்ப்பேன் என்றா. அது நியாயம்தான். மற்ற நாலு ஒப்பந்தமும் என் பையில் இருக்கின்றன. ரிக்கெற்றும் அதே பையில்தான் இருக்கிறது.

அப்பா, நான் உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன். அண்ணா பொய் எழுதினார் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள் சொல்லாததை எழுதினார் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நான் நாலு தரம் வாசித்துப் பார்த்தேன். சொல்லாதது சரி. நினைத்தீர்களா?

இப்போது இடையில் யாரும் இல்லை. நீங்களே எழுதுங்கள். உங்கள் கையால் வா என்று எழுதினால் வருவேன், மனவருத்தம் இல்லாமல் வருவேன். வேண்டாம் என்று எழுதினால் முத்திரையை வாங்குவேன். உங்கள் கடிதம் வரும்வரை பையைத் திறக்கமாட்டேன்.

பற்றிமா


நோபல் பார்க்
24 யூன் 2004

என் மகள் பற்றிமாவுக்கு,

இந்தக் கடிதம் இரண்டே நாளில் எழுதியது. எழுத்து இன்னும் மோசமாக இருக்கும், பொறுத்துக்கொள். நாளைக்கு அருமை என்னைத் தபாற்கந்தோருக்குக் கூட்டிப் போவான். விரைவுத் தபாலில் போடுவோம். இதில் என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நினைத்தேனா என்று கேட்டாய். ஓம், நினைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தேன், மற்ற நாளிலும் நினைத்தேன். அண்ணா கதிரையைப் பற்றிச் சொன்னதும் உண்மை. ஆனால் கால் நல்லாகத்தான் இருக்கிறது. மண்டபத்துக்கு இருபது நிமிடம் நடந்துதான் போய் வருகிறேன். கண் மூடுகிற யோசனையும் இப்போதைக்கு இல்லை, ரீச்சர் தந்த புத்தகத்தில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது.

நீ போன ஏழு வருடத்தில் ஒரு நாளும் நான் வா என்று சொன்னதில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை, வாயை அடக்கிக்கொண்டு இருந்தேன். ஏழு வருடம் அடக்கிய வாயை அருமை அரைப் பக்கத்தில் திறந்துவிட்டான். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அவன் பொய் எழுதியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

ஆசை என்னுடையது, அதை நான் வைத்திருக்கிறேன். விசா உன்னுடையது. யாரும் பொறுப்பு நில்லாத இடத்தில் நாலு பேரிடம் தனியாகப் போய்க் கேட்டு ஒப்பந்தம் வாங்கினவள் நீ. அப்பனின் கதிரைக்காக அதைக் கிழித்துப் போட்டால், வந்த பிறகு நீ ஒன்றும் சொல்லமாட்டாய் என்று எனக்குத் தெரியும். நீயும் வாயை அடக்கிக்கொண்டு இருப்பாய். இந்த வீட்டில் அப்படி ஒரு ஆள் போதும்.

ஆகவே சொல்கிறேன். பையைத் திற. ரிக்கெற்றைத் திருப்பிக் கொடு. நகாத்தா அம்மாவிடம் முத்திரையை வாங்கு. விசா கையில் வந்த பிறகு, மார்கழியில் நத்தார் பண்டிகைக்கு லீவு எடுத்து வா. விசா இருந்தால் வந்துவிட்டுத் திரும்பிப் போகலாம். யப்பான் இனிப்பு ஒன்றும் வேண்டாம், எழுதுகிறதற்கு நல்ல பேனை ஒன்று கொண்டு வா. இங்கே வாங்கியது கசிகிறது.

வருகிற ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அடுத்ததைத் தொடங்கி, அடுத்த கிழமைக்குள் அனுப்பிவிடுவேன். ரீச்சர் சொன்னா, தினமும் எழுதினால்தான் கை பழகுமாம். எனக்கு எழுத இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறாள். நீ வந்து இந்தக் குசினிக்குள் இருந்தால், பிள்ளை, நான் யாருக்கு எழுதுவது?

உன் அப்பா,
செ. சுவாம்பிள்ளை